அன்பவுண்ட் கிராவல்: 100 மைலா, 200 மைலா, எக்ஸ்எல்லா?

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து எம்போரியாவில் மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ நடக்கிற அன்பவுண்ட் கிராவல் சைக்கிள் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்க நினைக்கிறவர்கள் முதலில் தடுமாறுகிற இடம் ஒன்றுதான்: எந்தத் தூரம்? 25, 50, 100, 200 மைல், அப்புறம் 350 மைல் எக்ஸ்எல் என்று பிரிவுகள் இருக்கின்றன. முதல் இரண்டும் நல்ல சவாரிகள். கிராவலை, அதாவது சரளைக்கல் சாலையில் சைக்கிள் ஓட்டுவதை, இப்போதுதான் தொட்டுப் பார்க்கிறவர்கள் தயங்காமல் அவற்றுக்குப் போகலாம். நீண்ட தூரம் ஓட்ட வேண்டும் என்ற ஆசையோடு வருகிறவர் மற்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் 200 என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டுத்தான் மற்றவர்களிடம் அபிப்பிராயம் கேட்கிறார்கள்.

அந்த ஈர்ப்பு எனக்குப் புரிகிறது. 2006-இல் 34 பேர் எம்போரியாவில் ஒரு மோட்டல் வாசலிலிருந்து கிளம்பியது 200 மைலுக்குத்தான். அப்போது பந்தயத்தின் பெயர் டர்ட்டி கான்சா. 2020-இல்தான் இப்போதைய பெயர் வந்தது. இன்று எல்லாப் பிரிவுகளும் சேர்ந்து ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். உலகின் முன்னணி கிராவல் வீரர்கள் மோதுவதும் 200-இல்தான். 2019-இல் காலின் ஸ்ட்ரிக்லாண்ட் முதன்முதலாக 10 மணி நேரத்துக்குள் முடித்தார். 2024-இல் லாக்லன் மார்ட்டன் 9 மணி 11 நிமிடத்தில் வந்தார். இந்தப் பந்தயங்களின் காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு மனசு 200 பக்கம் சாயாமல் இருக்காது. ஆனால் நம்மைப் போன்றவர்கள் ஓட்டப்போகிற 200 வேறு. விடிகாலையில் கிளம்பிய முன்னணி வீரர்கள் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு முடித்துவிட்டு சாப்பிட உட்காருகிற நேரத்தில், மணிக்கு 12 மைல் சராசரியில் வருகிறவருக்கு இன்னும் 80 மைல் பாக்கி இருக்கும்.

அதனால் தூரத்தை மைலில் எண்ணாமல் மணி நேரத்தில் எண்ணிப் பாருங்கள். வழியில் நிற்கிற நேரத்தையும் சேர்த்து நம் சராசரி மணிக்கு 10 முதல் 12 மைல் என்று வைத்துக்கொள்வோம். 100 மைல் என்றால் எட்டரை முதல் பத்து மணி நேரம். 200 என்றால் பதினேழு முதல் இருபது. எக்ஸ்எல் என்றால் முப்பதுக்கு மேல். முதலாவது ஒரு பகல். இரண்டாவது ஒரு பகலும் முன்னிரவும். மூன்றாவது ஓர் இரவு, ஒரு முழுப் பகல், சிலருக்கு அதன்பின் இன்னோர் இரவு. மூன்றும் உடம்பிடம் கேட்பது வெவ்வேறு. 100-ஐ முடித்த கால் 200-ஐயும் முடித்துவிடும் என்று நினைப்பது தப்புக் கணக்கு. 200-இல் கடைசியில் கால் தோற்பதைவிட வயிறு தோற்பதுதான் அதிகம்.

பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சவாரி) ஓட்டிய நண்பர்கள் இங்கே ஒரு கணக்கைப் போட்டு நிம்மதி அடைகிறார்கள். சென்னையிலோ கோவையிலோ 300 கி.மீ. பிரெவே முடித்திருப்பார்கள், அதன் கால வரம்பு 20 மணி நேரம். அன்பவுண்ட் 200 மைல் என்பது 322 கி.மீ. காலை 6 மணியளவில் புறப்பட்டால் சமீப ஆண்டுகளின் வழக்கப்படி மறுநாள் அதிகாலை 3 மணி வரை வாய்ப்பு உண்டு, அதாவது 21 மணி நேரம். எக்ஸ்எல்லின் 563 கி.மீ.யை 40 மணி நேர 600 பிரெவேயோடு ஒப்பிடலாம். தாளில் பார்த்தால் இரண்டிலும் தேவைப்படும் சராசரி மணிக்கு ஏறத்தாழ 15 கி.மீ. ஆனால் பிரெவே பெரும்பாலும் தார்ச்சாலையில், டீக்கடைகள் நடுவில் நடக்கிறது. இங்கே 200 மைலில் ஏற்றம் மட்டும் ஏறத்தாழ 3,000 மீட்டர் (பாதை மாறுவதால் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கூடும், குறையும்). பெரிய மலை எதுவும் கிடையாது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி என்று ஓயாத குன்றுகள். இறக்கத்தில் கால் ஓய்வெடுக்கலாம் என்றால் அங்கேதான் கண்ணும் கையும் அதிகம் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. பிரெவே தருகிற மன உறுதி, இரவில் ஓட்டிய பழக்கம், சாப்பாட்டுத் திட்டம் எல்லாம் இங்கே கைகொடுக்கும். வேகக் கணக்கை மட்டும் அப்படியே எடுத்து வராதீர்கள்.

இந்த நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்று பிரிவுக்கும் பொதுவான எதிராளி இதுதான். எம்போரியாவைச் சுற்றியிருக்கிற பகுதிக்கு ஃபிளிண்ட் ஹில்ஸ் என்று பெயர். சுண்ணாம்புக் கல் அடுக்குகளுக்குள் சிக்கிமுக்கிக் கல் பொதிந்திருக்கும் பூமி. சுண்ணாம்பு மழையில் கரைந்துபோக, சிக்கிமுக்கி மட்டும் விளிம்பு மழுங்காமல் மேலே நிற்கிறது. ஏர் இறங்காத நிலம் என்பதால்தான் வட அமெரிக்காவின் உயர்புல் சமவெளியில் இன்று மிஞ்சியிருக்கும் நாலு சதவீதத்துக்கும் குறைவான பரப்பில் பெரும் பகுதி இங்கே தப்பிப் பிழைத்திருக்கிறது. உழவிலிருந்து புல்லைக் காப்பாற்றிய அதே கல்தான் டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கிறது. வசந்தத்தில் மேய்ச்சல் நிலங்களுக்குத் தீ வைத்து எரித்துவிடுவார்கள். ஜூனில் போகும்போது கண்ணுக்கெட்டிய தூரம் வரை இளம் பச்சை. அவ்வளவு அழகான நிலத்தில் ஒதுங்கி நிற்க ஒரு மர நிழல் தேடினால் கிடைப்பது அபூர்வம்.

மழை பெய்துவிட்டால் கதை மாறிவிடும். கோவில்பட்டிப் பக்கம் மழைக்குப் பின் கரிசல் காட்டில் சைக்கிள் உருட்டியவர்களுக்கு இந்தச் சேற்றை விளக்கவே வேண்டாம். சக்கரம் நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் மண் அப்பிக்கொண்டு ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் அடைத்து, வண்டி நகராமல் நின்றுவிடும். 2015-லும் 2023-லும் இதுதான் நடந்தது. 2023-இல் பந்தயம் தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே முன்னணி வீரர்கள் உட்பட எல்லாரும் வண்டியைத் தோளில் தூக்கி நடந்தார்கள். அந்த நேரத்தில் பலத்தைக் காட்டி மிதித்தவர்களுக்குப் பின் கியர் மாற்றி முறிந்து, பந்தயம் அங்கேயே முடிந்துபோனது. பழகியவர்கள் சட்டைப் பையில் பெயின்ட் கலக்குகிற தட்டையான மரக்குச்சி ஒன்றை வைத்திருப்பார்கள். ஓரத்துப் புல்லில் நடந்து, மண்ணை அவ்வப்போது வழித்துவிட்டு, சங்கிலி சுற்றுகிறதா என்று பார்த்த பிறகுதான் ஏறுவார்கள். இதில் தூரத்துக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மூன்று மைல் சேற்றுக்கு ஒரு மணி நேரம் போய்விட்டால் 100 மைல்காரர் கொஞ்சம் தாமதமாக வருவார், அவ்வளவுதான். நள்ளிரவைத் தாண்டி முடிக்கத் திட்டமிட்ட 200 மைல்காரருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் கையிருப்பே.

சரி, 100-ஐ முதலில் பார்ப்போம். நூறு மைல் என்பதைச் சின்ன விஷயம்போல் பேசுவது இந்தப் பந்தயத்தைச் சுற்றி வளர்ந்த ஒரு கெட்ட பழக்கம். அதே கல், அதே காற்று, அதே வெயில். தெற்கிலிருந்து வீசுகிற காற்று மூன்று மணி நேரம் முகத்தில் அடித்தால் 100 போதும் போதும் என்றாகிவிடும். ஆனால் இதில் பிழை செய்ய இடம் இருக்கிறது. இரண்டு பஞ்சர் ஆனாலும், சாப்பாட்டில் கணக்குத் தப்பினாலும், பகல் வெளிச்சத்திலேயே சமாளித்து வந்து சேரலாம். முன்விளக்குக்கு மாற்று பேட்டரி வேண்டுமா, இரவில் குளிருமா என்ற கவலை இல்லை. பயிற்சிக்கும் நியாயமான நேரம் போதும்: வேலைக்குப் போகிற, பிள்ளைகள் இருக்கிற ஒருவர் வாரம் ஏழெட்டு மணி நேரம் ஒதுக்கி, மாதம் ஓரிரு முறை ஆறு மணி நேரச் சவாரி போனால் தயாராகிவிடலாம். அதிலும் முக்கியம், மறுநாள் காரைத் திரும்ப ஓட்டிப் போகிற நிலையில் இருப்பீர்கள். டாலஸ் பக்கமிருந்து காரில் வருகிறவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

200-க்கு வேண்டியது வேறொரு ஏற்பாடு. உடம்பைவிட முதலில் ஆள் வேண்டும். பந்தயத்தின் நடுவே பொதுவாக இரண்டு செக்பாயிண்ட். உங்கள் உதவிக் குழு அங்கே மட்டும்தான் உங்களைத் தொடலாம். இடையில் தண்ணீர் பிடிக்கத் தனி இடங்கள் வைத்திருப்பார்கள். வழியில் வேறெங்கும் வெளி உதவி வாங்கக் கூடாது. செக்பாயிண்டுகளுக்கு இடையே சராசரியாக 65 மைலுக்கு மேல் வரும். பிற்பகல் வெயிலில் அது ஆறு மணி நேரம். மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் தண்ணீர், 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து, அதற்கேற்ற உப்பு என்று கணக்குப் போட்டால் எவ்வளவு சுமக்க வேண்டும் என்பது தெரியும். இரண்டு பாட்டில் போதாது. முதுகுப்பையில் இன்னும் இரண்டு லிட்டராவது வேண்டும்.

உதவிக்கு மனைவியோ கணவரோ நண்பரோ வருவதானால் அவர்களிடம் முன்கூட்டியே எல்லாவற்றையும் பேசிவிடுங்கள். நீங்கள் வருவது மாலை நாலா, ஏழா என்று தெரியாமல் சிற்றூர் ஒன்றின் தெருவில், வெயிலில், அலைபேசி சமிக்ஞை சரியாகக் கிடைக்காமல் ஒருநாள் முழுக்க அவர்கள் காத்திருக்க வேண்டும். அது பெரிய வேலை. ஆள் இல்லாதவர்களுக்குப் பந்தயத்திலேயே கட்டணம் கட்டிக் குழு அமர்த்திக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. உள்ளூர்ச் சேவை அமைப்புகளின் தன்னார்வலர்கள் செய்கிறார்கள். உங்கள் பையைக் கொடுத்துவிட்டால் செக்பாயிண்டில் தண்ணீர் நிரப்பி, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு அனுப்பிவைப்பார்கள். முதல் தடவை போகிறவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். வீட்டு ஆட்கள் வந்தால் அவர்கள் முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிடத் தோன்றும். அறிமுகமில்லாத தன்னார்வலர் பத்து நிமிடத்தில் கிளப்பிவிடுவார். வீட்டு ஆட்களால் ஒரு பெரிய நன்மையும் உண்டு: தயிர்சாதம். எட்டு மணி நேரம் எனர்ஜி ஜெல்லும் இனிப்புத் தண்ணீரும் குடித்த வயிற்றுக்குக் கொஞ்சம் உப்புப் போட்ட குளிர்ந்த தயிர்சாதம்போல் இறங்குவது வேறெதுவும் இல்லை. ஐஸ் பெட்டியில் வைத்தால் கெடாது.

200-க்குள்ளும் இரண்டு இலக்குகள் இருக்கின்றன. ஒன்று, அதிகாலை வரம்புக்குள் எப்படியாவது முடிப்பது. மற்றது, சூரியனை முந்துவது. ஜூன் தொடக்கத்தில் எம்போரியாவில் சூரியன் மறைவது இரவு எட்டே முக்கால் அளவில். அதற்குள் வந்தவர்களுக்குத் தனி மரியாதை. அதற்கு நிற்கிற நேரத்தையும் சேர்த்து மணிக்குப் பதின்மூன்றரை மைல் வேண்டும். முதல் முறை போகிறவர் இந்த இரண்டாவது இலக்கை மறந்துவிடுவது நல்லது. அதைத் துரத்தி முதல் 70 மைலைக் கூட்டத்தோடு கூட்டமாக வேகமாக ஓட்டி, நண்பகலுக்குப் பிறகு வாந்தியோடு ஓரத்தில் உட்காருகிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம். பலமானவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

எக்ஸ்எல் 2018-இல் சேர்க்கப்பட்ட பிரிவு. வெள்ளிக்கிழமை பிற்பகல் கிளம்ப வேண்டும். உதவிக் குழு கிடையாது. வழியில் உள்ள ஊர்களின் பெட்ரோல் பங்க் கடைகள்தான் கதி. எந்தக் கடை இரவில் எத்தனை மணிக்கு மூடும் என்பதை முன்பே குறித்து வைத்திருக்க வேண்டும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இரவு முழுக்க ஓட்டுவதுதான் கஷ்டம் என்று நினைக்கிறார்கள். வெள்ளி இரவு பெரும்பாலும் இதமாகவே இருக்கும். உடம்பும் தெம்பாக இருக்கும். சோதனை சனிக்கிழமை பகலில் வருகிறது. ஏற்கனவே வெள்ளி மாலை வெயிலைப் பார்த்தாயிற்று, தூக்கம் இல்லை, அதற்குமேல் 33, 34 டிகிரியில் இன்னொரு நாள். தூக்கக் கலக்கத்தோடு கல் பாதையில் இறங்குவதைப் போன்ற ஆபத்து இந்தப் பந்தயத்தில் வேறில்லை. 600 பிரெவேயைத் தூங்காமலோ ஓரிரு மணி நேரம் மட்டும் தூங்கியோ முடித்தவர், தனியாக இருட்டில் பஞ்சர் ஒட்டப் பதறாதவர், ஃபிளிண்ட் ஹில்ஸில் ஒருமுறையாவது ஓட்டியவர் என மூன்றும் பொருந்தினால் போங்கள். ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்பேன்.

தூரம் முடிவானதும் டயர் கேள்வி வரும். இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. டியூப்லெஸ், பக்கச் சுவர் தடித்த டயர், புதிதாக ஊற்றிய சீலன்ட் (டயருக்குள் இருந்து துளையை அடைக்கிற திரவம்) என்பது எல்லாருக்கும் பொது. அகலத்தில்தான் வேறுபாடு. முன்பு 38, 40 மில்லிமீட்டரில் ஓட்டினார்கள். இப்போது முன்னணி வீரர்கள் பலர் இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட மவுண்டன் பைக் டயருக்கே போய்விட்டார்கள். அகலமான டயர் கையையும் முதுகையும் காப்பாற்றும். 200-க்கும் எக்ஸ்எல்லுக்கும் அது பெரிய லாபம். ஆனால் ஃபிரேமுக்கும் டயருக்கும் இடைவெளி குறைந்தால் சேற்றில் முதலில் நிற்பது உங்கள் வண்டிதான். உங்கள் ஃபிரேம் 50 வரை ஏற்கும் என்றால் 45 போடுங்கள்; 45 மட்டுமே ஏற்கும் என்றால் 40. இதற்காகப் புது வண்டி வாங்க வேண்டியதில்லை, 100 மைலுக்கு நிச்சயம் வேண்டியதில்லை. 200-க்கு இரண்டு டியூப், டயர் ஓட்டையை அடைக்கிற ப்ளக், டயர் கிழிந்தால் உள்ளே வைக்க ஒரு பட்டை, உபரி ஹேங்கர் (பின் கியர் மாற்றியை ஃபிரேமோடு பிணைக்கிற சிறு துண்டு) என்று எல்லாம் கையோடு இருக்க வேண்டும். கூடவே, அந்த ஹேங்கரை நீங்களே மாற்றத் தெரிந்திருக்க வேண்டும்.

இடம் கிடைப்பது குலுக்கலில். முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும்; எனவே பயிற்சியைப் பார்த்துவிட்டுத் தூரத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் நடக்காது. ஏற்கனவே என்ன செய்திருக்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் எழுத வேண்டும். கிராவலில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே நாளில் ஓட்டியிராதவருக்கு 100. பிரெவே 300, 400 முடித்தவராக இருந்தாலும் கல் பாதை புதிது என்றால், முதல் ஆண்டு 100 என்பதே என் கட்சி. ஊர் பழகும், காற்று பழகும், உங்கள் டயர் தாங்குகிறதா என்று தெரியும். இன்னொரு வாய்ப்புக் கிடைக்குமோ என்னவோ, இந்தியாவிலிருந்து விசா வாங்கி, வண்டியைப் பெட்டியில் கட்டி, கான்சாஸ் சிட்டியில் இறங்கி இரண்டு மணி நேரம் காரில் வரப்போகிற ஒரே பயணம் இதுதான் என்கிறவருக்கு மட்டும் வேறு பதில். 400 பிரெவேயை நல்ல நிலையில் முடித்திருந்தால் 200-க்கே பெயர் கொடுங்கள். அவ்வளவு செலவு செய்து வந்துவிட்டு 200-ஐ முயன்று பார்க்காமல் திரும்பினால் பல வருடம் மனதை அரிக்கும். முடிக்காமல் செக்பாயிண்டில் நின்றாலும் பரவாயில்லை என்ற மனநிலையோடு வர வேண்டும், அவ்வளவுதான்.

200-க்கு இடம் கிடைத்துவிட்டது, ஆனால் உள்ளுக்குள் சந்தேகம் என்றால் ஏப்ரலில் ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். அகப்படுகிற மண் சாலையில், வெயிலில், பந்தயத்துக்கு எடுத்துப்போகப் போகிற அதே சுமையோடு பத்து மணி நேரம் ஓட்டுங்கள். வேகத்தைப் பார்க்க வேண்டாம். ஒன்பதாவது மணி நேரத்தில் சாப்பாடு இறங்குகிறதா, சிறுநீர் போகிறதா, கையில் மரத்துப்போன விரல் எத்தனை என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சாப்பாடு இறங்கினால் தைரியமாக எம்போரியாவுக்குக் கிளம்பலாம். இறங்கவில்லை என்றால் இன்னும் ஆறேழு வாரம் இருக்கிறது; அந்த நேரத்தைக் கால் பயிற்சிக்குச் செலவழிக்காமல், ஓட்டிக்கொண்டே சாப்பிடப் பழகுவதற்குச் செலவழியுங்கள்.